வலி இல்லை என்று சும்மா இருந்துவிடாதே

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, "இடது மார்பில் ஏதோ தட்டுப்படுகிறது, வலி இல்லை, அதனால் பயமில்லை" என்று. அதுதான் என்னை உறுத்துகிறது.

மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை என்பதும் சமாதானமில்லை. இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. அதற்காக நடுங்கிப்போகாதே. தட்டுப்படுகிற கட்டிகளில் அதிகமும் சாதாரண நீர்க்கட்டி, நார்க்கட்டிதான். என் நாத்தனார் மகளுக்கு ஸ்கேன் செய்து, ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே.

எப்படித் தடவிப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். மல்லாந்து படுத்து, இடது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள். வலது கையின் நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால், நுனியால் அல்ல, இடது மார்பைச் சின்னச் சின்ன வட்டமாக அழுத்து. முதலில் லேசாக, அப்புறம் கொஞ்சம் அழுத்தி, பிறகு விலா எலும்பு தட்டுப்படும்வரை. கழுத்துக்குக் கீழே இருக்கிற காறை எலும்பு, அக்குள் எதையும் விடாதே. மார்பின் கீழ்விளிம்பில் ஒரு கெட்டியான மேடு பலருக்கு இருக்கும், அது இயல்புதான். பிறகு கையை மாற்றி, அதே மாதிரி வலது பக்கமும். கண்ணாடி முன்னால் கையைத் தூக்கி நின்று, தோலில் குழி விழுகிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா என்று பார். நமக்குத்தான் மாதவிலக்கு நின்றுவிட்டதே, மாதத்தில் எந்த நாளானாலும் சரி. உன் மகளுக்கென்றால் அது முடிந்து சில நாள் கழித்துப் பார்க்கச் சொல்.

ஆனால் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஷாங்காயில் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. சுயபரிசோதனையைச் சொல்லிக் கொடுத்ததால் மட்டும் சாவு குறையவில்லை. என்னைக் கேட்டால், நம் உடம்பின் வழக்கம் தெரிந்திருந்தால் மாற்றம் உடனே பிடிபடும், அவ்வளவுதான் இதன் பயன். மிச்சத்துக்கு மாமோகிராம், அதாவது மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது. அதிலும் ஒன்றுமில்லை என்று வந்து, தடவும்போது கட்டி இன்னும் தட்டுப்பட்டால், மேற்கொண்டு பரிசோதிக்கச் சொல்லிக் கேள்.

இந்த வாரமே டாக்டரிடம் போ. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஒரு போன் பண்ணு, வந்துவிடுகிறேன்.

உன்,
சரசு