செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தமிழர்கள் கூடிப் பறவை பார்க்கும் நமது சங்கத்தில், நாலைந்து தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பங்களும் உண்டு, வேலை நிமித்தமாக அண்மையில் வந்தவர்களும் உண்டு. இவ்வாண்டும் மாத நடைகள் ஒழுங்காக நடந்தன. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. இன்னொன்றில் சமூசாப் பொட்டலத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் நரினா ட்ரோகனை இவ்வாண்டின் பறவையாகத் தேர்ந்தெடுத்தோம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தீக்காக்கைக்கு இது நெருங்கிய சொந்தம். ஊரிலிருந்து வந்தவர்கள் இதையும் தீக்காக்கை என்றே கூப்பிடுகிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும்.

பலர் நினைப்பதுபோல் இது அபூர்வமான பறவை இல்லை. சியரா லியோனிலிருந்து எத்தியோப்பியா வரையிலும், கிழக்கு ஆப்பிரிக்கா வழியாகத் தெற்கே கேப் பகுதியின் நைஸ்னா காடுகள் வரையிலும் இருக்கிறது. ஆனால் கண்ணில் படாது. ஆணுக்கு முதுகும் மார்பும் மரகதப் பச்சை, வயிறு ரத்தச் சிவப்பு. சுமார் 30 செ.மீ. நீளம். இவ்வளவு பெரிய, இவ்வளவு பளிச்சென்ற பறவை எப்படி மறைகிறது? ஆள் வருவது தெரிந்தால் பெரும்பாலும் பச்சை முதுகை நம் பக்கம் திருப்பிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்துவிடும். இலையோடு இலையாகப் போய்விடும். பெண்ணுக்கு முகமும் மார்பும் பழுப்பு, வயிற்றுச் சிவப்பும் மங்கல். அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

எஷோவேயில் உள்ள டிலின்சா காட்டுக்குப் போன நடைதான் இவ்வாண்டின் சிறப்பு. அங்கே தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், 125 மீட்டர் நீளத்துக்கு மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். அதன் முடிவில் 20 மீட்டர்க் கோபுரம். எல்லோரும் கோபுரத்துக்கே ஓடினார்கள். ட்ரோகன் இருப்பதோ காட்டின் நடுமட்டத்தில், மர உச்சிகள் கூடிய இலைக்கூரைக்குக் கீழே. பாலத்திலேயே பொறுமையாக நின்ற நாலு பேருக்குத்தான் அது கிடைத்தது. அலகைத் திறக்காமலே கூவுகிறது. தொண்டை உப்பி, இறகுகள் விலகி, உள்ளே நீலப்பச்சைத் தோல் தெரிகிறது. 'ஹூ-ஹூ' என்று கரகரப்பான இரட்டைக் குரல், மெல்லத் தொடங்கி வரவர வலுக்கிறது. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. கூவி முடித்ததும் திடீரென்று பறந்து எதிர்க் கிளையிலிருந்த புழுவைக் கொத்திக்கொண்டு திரும்பியது. கம்பளிப்புழு, கும்பிடுபூச்சி, வெட்டுக்கிளி, சில நேரம் சிறு பச்சோந்தி, இவைதான் இரை.

குளிர்காலத்தில் சில பறவைகள் கடலோரத்துக்கு இறங்கிவிடும். அப்போது நகருக்குள்ளேயே பிஜன் வேலி (Pigeon Valley) போன்ற சிறு காட்டிலும் தென்படுவதுண்டு. எஷோவே வரை பெட்ரோல் போட முடியாதவர்கள் ஜூன், ஜூலையில் அங்கே போகலாம். நமது பதிவுகள் எல்லாம் பேர்ட்லேசர் செயலி வழியாக, 2007 முதல் நடந்துவரும் தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்துக்குப் போய்ச் சேருகின்றன. ஒரு முழுப் பட்டியலுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும். அரைமணியில் முடித்து அனுப்பாதீர்கள்.

அடுத்தது, கொஞ்சம் கசப்பான விஷயம். போனில் குரலைப் போட்டு ட்ரோகனை வரவழைப்பது நம்மில் சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. வரத்தான் செய்யும். வேறொரு ஆண் தன் எல்லைக்குள் புகுந்துவிட்டதென்று சண்டைக்கு வருகிறது. நமக்குப் படம் கிடைக்கிறது, அதற்கு என்ன கிடைக்கிறது? அக்டோபர் முதல் ஜனவரி வரை முட்டைக் காலம். மரப்பொந்தில், மெத்தை எதுவும் இல்லாமல், இரண்டு மூன்று வெள்ளை முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். அந்த நேரத்தில் ஆணை அலையவிடுவது தப்பு. "ஒருமுறை போட்டால் என்ன, அண்ணா?" என்று கேட்டார் ஒரு இளைஞர். ஒவ்வொரு குழுவும் ஒருமுறை போட்டால் அது ஒருமுறையாகவா இருக்கும்?

அப்புறம், பட்டமரங்கள். ட்ரோகனின் அலகு மரங்கொத்தியின் அலகு போன்றதில்லை. தானாக உண்டான பொந்தைத்தான் அது நம்பியிருக்கிறது. காட்டை ஒட்டி வீடு உள்ள உறுப்பினர்கள், வீட்டின் மேல் சாயும் ஆபத்து இல்லாத பட்டமரத்தை அழகுக்காக வெட்ட வேண்டாம்.

நடைகளுக்குத் தங்கள் பக்கி (பிக்கப்) வண்டிகளைத் தந்தவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்த அக்காமார்களுக்கும் நன்றி. துணைச் செயலாளர் பதவி இன்னும் காலியாகவே இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம்.

செயற்குழுவின் தீர்மானம் இது: சங்க நடைகளில் எந்தப் பறவைக்கும், எந்த மாதத்திலும், பதிவு செய்த குரலை ஒலிபரப்பக் கூடாது. இதை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்