'பயப்படாதீங்க' என்று முதலில் சொன்னவருக்கு

அன்பானவர்களே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ரத்தம் கொடுத்தவர்கள், ராத்திரி ஜெபித்தவர்கள், பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள், பணம் அனுப்பிவிட்டு 'கணக்கு வேண்டாம்' என்றவர்கள், டாக்டர்கள், நர்ஸ்கள் எல்லோருக்கும் நன்றி. ரத்தத்திலிருந்து பிரித்து ஏற்றும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) எடுத்து வைத்தால் பெரும்பாலும் 5 நாள்தான் தாங்குமாம். அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து கை நீட்ட வேண்டியிருந்தது. வந்தீர்கள். பாதிப் பேரை எனக்கு முன்பின் தெரியாது.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததே இரவுக் காவலர் ஒருவருக்காகத்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சரி, போடவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருந்தவர்களுக்குத் தெரியும், நடு இரவில் நோயாளியின் பெயரைச் சொல்லி 'கூட வந்தவங்க யாரு?' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று. மருந்து வாங்கவா, கையெழுத்துக்கா, இல்லை அதற்கா? எழுந்து கதவு வரை நடப்பதற்குள் மனசு எல்லாவற்றையும் நினைத்து முடித்துவிடும். இவர் கூப்பிடும் விதமே வேறு. 'மருந்துச் சீட்டுதாங்க, பயப்படாதீங்க' என்பதுதான் முதலில் வரும், அப்புறம்தான் பெயர். அசந்து தூங்குகிறவர் என்றால் கிட்டே வந்து குனிந்து சொல்வார். இதற்காகவே ஒவ்வொரு முறையும் உள்ளே போய், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அது அவர் வேலையே இல்லை. யாரும் சொல்லியும் கொடுக்கவில்லை.

பைபிளில் எரேமியா தீர்க்கதரிசியைச் சேறு நிறைந்த துரவில், அதாவது கிணறு போன்ற குழியில், இறக்கிவிட்டார்கள் அல்லவா? அவரைத் தூக்கிவிட்டவன் எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன், அரண்மனை ஊழியன். ராஜா 30 பேரை அவனோடு அனுப்பினான், கயிறும் இருந்தது. அது போதும், தூக்கிவிடலாம். ஆனாலும் அவன் பொக்கிஷ அறையின் கீழே போய்ப் பழைய கந்தைகளை எடுத்துவந்து, 'இதை அக்குளில் வைத்துக்கொண்டு கயிற்றைப் போட்டுக்கொள்ளும்' என்று கொடுத்தான். கயிறு அறுக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தக் கந்தையின் அருமை எனக்கு இப்போதுதான் தெரிகிறது. தம்பியைக் காப்பாற்றியது மருத்துவம். எங்களைக் காயப்படாமல் வைத்திருந்தது இவருடைய அந்த 3 வார்த்தை.

'எல்லாம் கர்த்தர் அனுப்பின ஆள்' என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். நானும் அதை நம்புகிறேன். ஆனால் அப்படிச் சொல்லும்போது அந்த மனுஷனை வெறும் குழாயாக ஆக்கிவிடக் கூடாது. தூக்கம் கெட்டு, கால் வலித்து, ஒவ்வொரு இரவும் அதைச் செய்வது என்று முடிவெடுத்தவர் அவர். அவர் எங்கள் சபை இல்லை. எபெத்மெலேக்கும் சொந்த ஜனம் இல்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் காத்திருந்த குடும்பமும் எங்களைப் போலவே ஜெபித்தது. அவர்களை அழைக்க வந்த இரவில் காவலர் எதுவும் சொல்லவில்லை, கூடவே நடந்து போனார். எங்கள் விசுவாசம் பெரியது, அதனால் பிழைத்தோம் என்று யாராவது சாட்சி சொல்லச் சொன்னால் நான் சொல்ல மாட்டேன். அவர்களும் தனியாக விடப்படவில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

இனி யாருக்காவது அகால நேரத்தில் போன் செய்தால், 'ஒண்ணும் பிரச்சினை இல்லை' என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். தட்டணு தேவை என்று யார் கேட்டாலும் என்னை முதலில் கூப்பிடுங்கள்.

தம்பியைப் பார்க்க இன்னும் கொஞ்ச நாளைக்கு யாரும் வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் பேசுவான், ஆனால் சீக்கிரம் களைத்துவிடுகிறான்.