நூலகக் கதவும் ஒரு வெற்றுப் பக்கமும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் நூலகப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பக்கம் வருடம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. கூப்பிட்டுக் கண்டிக்கத்தான் நினைத்தேன். வந்தவன், வீட்டில் கைபேசியில் ஒரு தொடர்கதை படிப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான். இருநூறு அத்தியாயம் தாண்டிவிட்டதாம்! கதையைச் சொல்லச் சொன்னேன். மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை. "அப்புறம் ஏன் நம் நூலகத்துப் பக்கமே வரவில்லை?" என்றேன். "நான் வரும்போதெல்லாம் பூட்டியிருக்கு சார்."

உண்மைதான். வகுப்பு நடக்கும் நேரத்தில் திறந்து, பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் பூட்டி வைத்திருக்கிறோம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்பாட்டுக்கு என்பது. இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். இரண்டிலும் நாங்கள் தேறவில்லை.

வரும் திங்கள் முதல் மதிய இடைவேளையிலும், பள்ளி முடிந்து ஒரு மணி நேரமும் நூலகம் திறந்திருக்கும். படக்கதைகளையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். "இதெல்லாம் படிப்பா?" என்று ஆசிரியர்கள் கேட்க மாட்டார்கள். நீங்களும் கேட்காமல் இருந்தால் நல்லது.

கைபேசியில் படிப்பது பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வறிக்கை ஒன்று 2018இல் வந்தது. தகவல் நிறைந்த பகுதிகளைத் தாளில் படித்தவர்களுக்கே கூடுதலாகப் புரிந்திருந்தது. நேரக் கெடு இருந்தால் வித்தியாசம் இன்னும் அதிகம். கதைகளில் மட்டும் அப்படி வேறுபாடு தெரியவில்லை. அதனால் கதையைத் திரையில் படிக்கட்டும், தடுக்க வேண்டாம். அறிவியல், வரலாற்றுப் பாடங்களைத் தாளில் படிக்கட்டும். திரையில் பாடம் படிக்கும்போது கண் வேகமாக ஓடிவிடுகிறது, புரிந்துவிட்டது என்ற நினைப்பும் சீக்கிரமே வந்துவிடுகிறது. இதை நானே அனுபவித்திருக்கிறேன். நீளமான சுற்றறிக்கைகளை இப்போதும் அச்செடுத்துத்தான் படிக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை படிக்கும் நேரத்தில் வீட்டில் எல்லோருடைய கைபேசியும் வேறு அறையில் இருக்கட்டும். உங்களுடையதும்தான். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் திரையைத் தள்ளிக்கொண்டே "நீ படி" என்றால் எந்தப் பிள்ளையும் கேட்காது. படித்து முடித்ததும் கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டாம். கதை எங்கே வந்து நிற்கிறது என்று மட்டும் விசாரியுங்கள்.

அந்த மாணவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தொடர்கதையின் பெயரை மட்டும் போட வேண்டாம் என்றான். அம்மாவும் படிக்க ஆரம்பித்துவிட்டால் அவனுக்குக் கைபேசி கிடைக்காதாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்