வாய்க்கால் கரை முள்ளை வெட்ட ரிமோட் செயின் வண்டி கேட்டு மனு

அனுப்புநர்
கீழ்பவானி கிளைவாய்க்கால் கடைமடை விவசாயிகள்,
பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஈரோடு.

பொருள்: வாய்க்கால் கரைச் சரிவுகளில் மண்டிய முட்புதரை வெட்ட, ரிமோட்டில் இயங்கும் செயின் வண்டியை (டயருக்குப் பதில் செயின் பட்டையில் ஓடும் புதர் வெட்டும் இயந்திரம்) வாடகைக்குத் தர வேண்டுதல்.

ஐயா, வணக்கம்.

பவானிசாகரில் புறப்பட்டு 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாயும் வாய்க்காலை நம்பிப் பிழைப்பவர்கள் நாங்கள். வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் விடுவார்கள். அதற்குள் கிளைவாய்க்கால் கரை சுத்தமாக வேண்டும். புதர் அடைத்துக் கிடந்தால் எங்கள் மடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகிறது, வந்தாலும் பாதிதான் வருகிறது.

எங்கள் கரையில் பெரும்பாலும் வேலிக்காத்தான்தான், அதாவது சீமைக்கருவேல முள். ஆடு தின்ற காயின் விதை புழுக்கையோடு விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கிறது. போன ஆடியில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். பொலபொலவென்று மண் சரிந்து கால் வழுக்கியது. சுற்றிக்கொண்டிருந்த பிளேடு ஒரு கல்லைத் தட்ட, அது தெறித்து அவர் முழங்காலில் பட்டது. பிளேடே பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் நெஞ்சு பதறுகிறது. கொடுவாளோடு இறங்கும் பெண்களுக்கோ முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறுகிறது. புதருக்குள் விரியன் கிடந்தாலும் தெரியாது.

சரி, ஜேசிபி இருக்கிறதே என்று கேட்கலாம். மண் கரையில் அதன் வாளி முள்ளோடு சேர்த்துக் கரையையும் பிடுங்கிவிடும். பிடுங்கிய மண் வாய்க்காலில் விழுந்து மேடு தட்டும், புல் வேர் போன கரை அடுத்த மழையில் அரித்துப்போகும். குறுகலான கரையில் அந்த வண்டி போகவும் வழியில்லை.

ரிமோட் வண்டியில் ஆள் ஏறத் தேவையில்லை. மேட்டில் தள்ளி நின்றே ஓட்டலாம். உயரம் குறைவு, எடை செயின் முழுக்கப் பரவி நிற்கும். அதனால் 45 பாகைச் சரிவிலும் வேலை செய்யும் மாடல்கள் இருக்கின்றன. முன்னால் சுழலும் உருளையின் கத்திகள் புதரைத் துண்டு துண்டாக நொறுக்கி அங்கேயே போட்டுவிடும். புல் வேர் மண்ணிலேயே நிற்கும், எங்களுக்கு அதுதான் முக்கியம். பெரிய மரத்துக்கு இது ஆகாது, மணிக்கட்டுத் தடிமன் வரையிலான தண்டுகளுக்குத்தான். வேர் இருந்தால் வேலிக்காத்தான் மறுபடி துளிர்க்கும் என்பதும் தெரியும். அதனால்தான் ஒருமுறை வெட்டிவிட்டுப் போகும் ஏற்பாடாக இல்லாமல், துளிர்த்ததும் திரும்ப வெட்ட வாடகைக்குக் கிடைக்கும் வண்டியாகக் கேட்கிறோம்.

வேளாண் பொறியியல் துறை புல்டோசர், பொக்லைன் எல்லாம் மணிக் கணக்கில் வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியிலேயே முன்பதிவு செய்கிறோம். அந்த வரிசையில் இந்த வண்டி ஒன்றையும் சேர்க்க வேண்டும். வாங்குவதற்கு முன், நீர்வளத் துறை அனுமதியோடு எங்கள் கிளைவாய்க்காலில் ஒரு நாள் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளூர் இளைஞர்கள் இரண்டு பேருக்கு ஓட்டப் பயிற்சியும் வேண்டும். வாடகையை ஏக்கர் கணக்கில் பிரித்துக் கட்டிவிடுகிறோம். கரை வேலைக்கு வரும் பெண்களுக்கு வேலை குறையாமல், வெட்டியதை அள்ளவும் மடை தூர் வாரவும் அவர்களையே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த தண்ணீர் திறப்புக்கு ஒரு மாதம் முன்பாவது வண்டி வந்தால்தான் எங்களுக்குப் பயன்படும். வரும் நாளைச் சொன்னால், வண்டி இறங்க வழி ஒதுக்கி வைக்கிறோம்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயிகள்