உதவிப் பயிற்சியாளர்களின் ஒப்பந்தம் குறித்து: அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுத்துறை இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

வணக்கம். கல்லூரிக் கூடைப்பந்தின் தேசிய வாகையர் போட்டி அரையிறுதியை எட்டும்போது, அது நடக்கும் நகரிலேயே பயிற்சியாளர் சங்கத்தின் ஆண்டு மாநாடும் கூடுகிறது. அந்த நாள்களில் அங்குள்ள விடுதிகளின் வரவேற்புக் கூடங்களில், வேலை இழந்த உதவிப் பயிற்சியாளர்கள் யாராவது ஒரு தலைமைப் பயிற்சியாளரிடம் இரண்டு நிமிடம் பேச வாய்ப்புக் கிடைக்குமா என்று காத்து நிற்பார்கள். அவர்களுள் பலர் செய்த பிழை ஏதுமில்லை. அவர்களை அமர்த்தியவர் நீக்கப்பட்டார், அல்லது கூடுதல் சம்பளத்துக்கு வேறு பல்கலைக்கழகம் சென்றுவிட்டார். அவரோடு இவர்களின் வேலையும் போயிற்று.

பல ஆண்டுகளாக இந்த ஆட்டத்தைக் கவனித்து வருபவன் என்ற முறையில் உங்களிடம் ஒன்றைக் கேட்கவே இதை எழுதுகிறேன். உதவிப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் தலைமைப் பயிற்சியாளரின் நிழலில் நிற்காமல், பல்கலைக்கழகத்தோடு நேராக, குறைந்தது மூன்றாண்டுகளுக்கு எழுதப்பட வேண்டும்.

அவர்கள் செய்யும் வேலையைத் தொலைக்காட்சியில் பார்த்து அறிய முடியாது. பருவத்தின் ஆட்டங்கள் உதவிப் பயிற்சியாளர்களிடையே பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. தம் பங்குக்கு வரும் எதிரணியின் அண்மைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, யார் இடக்கையால் பந்தை ஓட்டுவார், யார் எந்த மூலையிலிருந்து எறிவார், நெருக்கடியில் எந்த ஆட்டமுறைக்குத் திரும்புவார்கள் என்பதையெல்லாம் பத்தொன்பது வயது இளைஞர் மனத்தில் பதியும்படி ஓரிரு பக்கத்தில் சுருக்கித் தருவது அவர் பொறுப்பு. அதன் பிறகுதான் பயிற்சி, தனிப்பயிற்சி, மாணவர் வகுப்புக்குப் போனாரா என்ற விசாரிப்பு, ஊருக்கு ஏங்கும் முதலாண்டு மாணவரோடு நள்ளிரவுப் பேச்சு. ஜூலை வந்தால் பள்ளி மாணவர்களின் கோடைப் போட்டிகளைத் தேடி ஊர் ஊராக அலைச்சல். வெற்றி தோல்விக் கணக்கு மட்டும் இன்னொருவர் பெயரில் எழுதப்படும்.

இந்த உழைப்புக்கு நிறுவனங்கள் என்ன விலை வைத்தன என்பதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது. செலவைக் குறைக்க வேண்டும் என்று கூறி 1991-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகமான என்.சி.ஏ.ஏ. ஒரு விதியை நிறைவேற்றியது. கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதற்பிரிவின் கூடைப்பந்து அணி ஒவ்வொன்றிலும் தலைமைப் பயிற்சியாளர், இரண்டு உதவியாளர்கள் ஆகியோருக்கு அடுத்து ‘வருமானம் வரையறுக்கப்பட்ட பயிற்சியாளர்’ ஒருவரை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அவருக்குக் கல்வியாண்டுக்கு 12,000 டாலரும் கோடைக்கு 4,000 டாலரும் ஆக 16,000 டாலருக்கு மேல் தரக் கூடாது. விதி 1992-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் பல மடங்கு சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்களும் இருந்தனர். அவர்கள் குடும்பம் அந்தத் தொகையில் எப்படிப் பிழைக்கும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் நகர வளாகத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்த நார்மன் லாவும் பிறரும் வழக்குத் தொடுத்தனர். இது புதியவர்களுக்கென ஒதுக்கிய தொடக்க நிலைப் பதவி என்று கழகம் வாதிட்டது. பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998-இல் அதை ஏற்கவில்லை. அந்தப் பதவிக்குப் புதியவர்தான் வர வேண்டும் என்று விதியில் எங்குமே இல்லை என்பதையும், செலவு குறையும் என்பது மட்டுமே போட்டியை முடக்குவதற்கு நியாயமாகிவிடாது என்பதையும் அது எடுத்துச் சொன்னது. அதே ஆண்டில் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) விதித்த இழப்பீடு, சட்டப்படி மூன்று மடங்காகி ஏறத்தாழ 6 கோடியே 70 லட்சம் டாலரைத் தொட்டது. கடைசியில் 1999-இல் 5 கோடியே 45 லட்சம் டாலருக்கு வழக்குச் சமரசமாக முடிந்தது.

பழைய கதையை ஏன் கிளறுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் மாணவ விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. முதலாண்டுக்கான உச்ச வரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். வீரர்களுக்கு வெகு காலமாக மறுக்கப்பட்ட பங்கு அது, அதை முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பணத்தைத் தேட வேண்டிய நெருக்கடியில், குரல் குறைந்தவர் சம்பளத்தில் கை வைக்கும் பழைய எண்ணம் மீண்டும் எழும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.

உதவிப் பயிற்சியாளர் பதவியை ஏணியின் ஒரு படியாக மட்டுமே பார்க்கும் வழக்கம் உங்களிடம் இருக்கிறது. பில் கத்ரிட்ஜின் வாழ்வு அதை மறுக்கிறது. கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடி, அங்கேயே உதவியாளராகவும் இருந்த அவர் 1967-இல் வட கரோலினாவுக்கு வந்தார். அங்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டீன் ஸ்மித்தின் அருகில் முப்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தார். 1982, 1993 ஆகிய இரண்டு ஆண்டுகளின் வாகையர் பட்டங்களிலும் அவர் உழைப்பு இருந்தது. 1997 அக்டோபரில், பயிற்சி தொடங்கவிருந்த வேளையில் ஸ்மித் ஓய்வை அறிவித்தபோது, அணியை அறுபது வயதுக் கத்ரிட்ஜிடம் ஒப்படைத்தார்கள். முதல் பருவத்திலேயே 34 வெற்றிகள். மூன்று பருவங்களில் 80 வெற்றி, 28 தோல்வி, இரண்டு முறை தேசிய அரையிறுதி. பிறகு அவர் ஓய்வு பெற்றார். அந்த மூன்று ஆண்டுகளை வைத்து மட்டும் அவரை நினைப்பவர்கள் முந்தைய முப்பதையும் மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

தலைமைப் பதவிக்குப் போகாமலேயே நிறைவடைந்த பணிவாழ்வும் உண்டு. கிறிஸ் டெய்லி 1985-இல் தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவோடு கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு வந்தார். அதற்குமுன் தோல்வியைவிட வெற்றி மிகுந்த பருவம் அரிதாக இருந்த அந்த அணி, 2025 வரை 12 தேசியப் பட்டங்களைப் பெற்றுவிட்டது. அவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். 2018-இல் பெண்கள் கூடைப்பந்துப் புகழ்க் கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. கொன்சாகாவில் டாமி லாய்ட் இருபது ஆண்டுகள் உதவியாளராக இருந்து, ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வீரர்களைத் தேடிக் கொண்டுவந்து, ஒரு சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றாக்குவதில் பெரும்பங்கு வகித்தார். 2021-இல் அரிசோனா பல்கலைக்கழகம் அவரைத் தலைமைக்கு அழைத்துக்கொண்டது. முதல் பருவத்தில் 33 வெற்றி, 4 தோல்வி. நீண்ட காலம் ஓரிடத்தில் இருக்க விடப்பட்டதால்தான் இவர்கள் வேலை பழுத்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை வீடு மாற்றிக்கொண்டிருப்பவரால் ஒரு பதினாறு வயது மாணவரின் பெற்றோருக்கு எந்த வாக்கைக் கொடுக்க முடியும்?

நிலையின்மையின் விலை எவ்வளவு என்பதை 2017 செப்டம்பரில் எல்லோரும் பார்த்தோம். கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை கைது செய்தவர்களுள் நான்கு உதவிப் பயிற்சியாளர்கள் இருந்தனர். தங்கள் வீரர்களைக் குறிப்பிட்ட நிதி ஆலோசகர்களிடம் திருப்பிவிடுவதற்காகக் கையூட்டுப் பெற்றதாக வழக்கு. அவர்கள் செய்தது தவறு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்கூட அந்தக் குற்றவழக்கில் இல்லை. வீரரைக் கொண்டு வா, இல்லையேல் வேலை இல்லை என்ற அழுத்தம் முழுவதையும் ஒரு நிலையற்ற பதவியின் மேல் ஏற்றிவிட்டு, விளைவுக்கு அந்தப் பதவியில் இருப்பவரை மட்டும் பொறுப்பாக்குவது முறையாகாது. கறுப்பினப் பயிற்சியாளர்கள் பலரை அணிக்கு வீரர்களைத் திரட்டத்தான் தெரியும் என்று ஒதுக்கும் வழக்கத்தையும் இதோடு சேர்த்தே நினைக்கிறேன். ஒன்பது பருவங்கள் உதவியாளராக இருந்த ஹியூபர்ட் டேவிஸ் 2021-இல்தான் வட கரோலினா ஆண்கள் கூடைப்பந்து அணியின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அடுத்த ஆண்டே அணியை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுசென்றார்.

புதிதாக வரும் தலைமைப் பயிற்சியாளர் தமக்கு நம்பிக்கையானவர்களை வைத்துக்கொள்ள விரும்புவார் என்பீர்கள். அது நியாயமே, அந்த உரிமையைப் பறிக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்று அனுப்பப்படுகிறவருக்கு ஒப்பந்தத்தின் எஞ்சிய காலச் சம்பளமும், குழந்தைகளின் பள்ளியாண்டு முடியும்வரை மருத்துவக் காப்பீடும் கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். விலக்கப்படும் தலைமைப் பயிற்சியாளருக்குப் பல லட்சம் டாலர் எண்ணிக் கொடுக்கும் பல்கலைக்கழகத்துக்கு இது தாங்க முடியாத சுமையன்று. 2023 ஜூலை முதல் ஒவ்வோர் அணியும் கூடுதலாக இரண்டு பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. பட்டமேற்படிப்பு உதவியாளராகவும் காணொளிப் பிரிவிலும் சொற்ப ஊதியத்துக்கு உழைத்து மேலே வரும் இளைஞர்களே பெரும்பாலும் அந்த இடங்களுக்கு வருவார்கள். அவர்களையும் இந்த ஏற்பாட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வரும் ஏப்ரலில் உங்களுள் சிலர் புதிய தலைமைப் பயிற்சியாளரோடு ஒப்பந்தம் பேச உட்காருவீர்கள். அதே மேசையில், அதே நாளில், உதவிப் பயிற்சியாளர்களின் தாள்களையும் வைத்துக் கையெழுத்திடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்லூரிக் கூடைப்பந்தை நேசிக்கும் ஒருவன்