குலுக்கினால் சத்தம் வராத கேன்: மலையேற்றக் குழுக்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மலையேற்றக் குழுக்களை அழைத்துச் செல்லும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களோடு பல பயணங்கள் நடந்திருக்கிறேன். வழி தெரியாத காட்டில் உங்கள் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த நம்பிக்கை கெடக்கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போன பயணத்தில் எங்கள் கூடாரத்துக்கு ஒரு கேஸ் கேன் கொடுத்தார்கள். அடுப்பைத் தலையில் திருகி மாட்டுகிற குட்டையான வகை, 230 கிராம் என்று அச்சிட்டிருந்தது. கையில் வாங்கியதுமே கனம் கூடுதலாகத் தெரிந்தது. காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை. புதுக் கேன் என்றால் உள்ளே திரவம் தளும்புவது கேட்கும். கேட்டதற்கு, "நாங்களே நிரப்பினது, நல்லா ஃபுல்லா இருக்கு" என்று பெருமையாகச் சொன்னார்கள். அன்று மதியம் வெயிலில் பாறைமேல் இருந்த அந்தக் கேனின் அடிப்பாகம், உள்ளே குழிந்திருக்க வேண்டியது, வெளியே புடைத்து நின்றது. எல்லோரையும் விலக்கிவிட்டு, தள்ளி நின்றே தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குளிரவைத்தோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில்தான் கொஞ்ச நேரம் முன்பு இரண்டு பேர் படுத்திருந்தார்கள்.

"நல்லா ஃபுல்லா" என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. கேனுக்குள் இருப்பது அழுத்தத்தில் திரவமாக்கிய வாயு, பெரும்பாலும் பியூட்டேனும் கொஞ்சம் புரொப்பேனும் கலந்தது. சூடு ஏறினால் திரவம் விரியும். விரிவதற்காகத்தான் மேலே கொஞ்சம் காலி இடம் விட்டு நிரப்புகிறார்கள். கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் திரவம் போகக்கூடாது என்பது இந்தத் துறையில் எல்லோரும் பிடித்து நிற்கிற கணக்கு. நீங்கள் நிரப்பும் முறையில் காலிக் கேனை ஃப்ரீசரில் வைத்து எடுக்கிறீர்கள், கொடுக்கிற கேனை மேலே தலைகீழாக மாட்டி, நடுவில் இரண்டின் வால்வையும் இணைக்கும் அடாப்டரைத் திறந்து விடுகிறீர்கள். குளிர்ந்த கேன் நிறைய இழுத்துக்கொள்ளும். மைனஸ் 18 டிகிரியில் 95 சதவீதம் நிரம்பிய பியூட்டேன், 20 டிகிரிக்கு வருவதற்குள்ளேயே கேன் முழுவதையும் அடைத்துவிடும். அப்புறம் வெப்பம் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் திரவத்துக்கு நகர இடமில்லை, மெல்லிய தகரத்தைத்தான் தள்ளும். எங்கள் கேன் சத்தம் போடாததற்குக் காரணம் இதுதான்.

உங்கள் நோக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கால்வாசி, அரைவாசி மிஞ்சிய கேன்கள் குவிகின்றன. அவற்றைத் தூக்கி எறிய மனம் வராது, வரவும் கூடாது. ஆனாலும் கேனின் மேலேயே மறுபடி நிரப்பாதே என்று எழுதியிருக்கிறது. அது வியாபாரத் தந்திரம் மட்டுமே என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒருமுறை நிரப்பி, தீர்ந்ததும் கழித்துவிடுவதற்காகச் செய்த வால்வு அது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேயும், மண் ஏறும். அடியில் துரு பிடித்தாலும் பார்ப்பவர் யாரும் இல்லை. மறுபடி நிரப்புவதற்கென்றே செய்த சிறு சிலிண்டர்கள் கிடைக்கும் இடத்தில் அவற்றையே வாங்குங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

அதையும் மீறி நிரப்பத்தான் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் இரண்டே விஷயங்களில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதலாவது, வீட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்து நிரப்பவே கூடாது. 20 டிகிரியில் சுத்தமான பியூட்டேனின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல சுமார் இரண்டு மடங்கு, புரொப்பேனுடையது எட்டு மடங்குக்கும் மேல். 50 டிகிரியில் பியூட்டேன் ஐந்து மடங்கு என்றால் புரொப்பேன் பதினேழு. வீட்டுச் சிலிண்டரில் இந்த இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தடித்த இரும்பு தாங்குவதை இந்தத் தகரம் தாங்காது. ஸ்பிரே டப்பா போல நீளமாக இருக்கும் கேன்கள் பெரும்பாலும் பியூட்டேனுக்காகச் செய்தவை. அவற்றில் வேறு எதையும் ஏற்ற நினைக்கவே வேண்டாம்.

இரண்டாவது, தராசு இல்லாமல் நிரப்பக்கூடாது. கைக்கனம், குலுக்கல், "இழுக்கிறது நின்றுவிட்டது" என்கிற கணக்கெல்லாம் ஏமாற்றும். புதுக் கேன் வாங்கியதுமே எடை போடுங்கள். அதில் அச்சிட்டிருக்கும் கேஸ் எடையைக் கழித்தால் வெறும் கேனின் எடை கிடைக்கும். அழியாத மையில் அதை அடியில் எழுதிவிடுங்கள். பிறகு எப்போது நிரப்பினாலும், உள்ளே இருக்கும் கேஸின் எடை அச்சிட்ட எடைக்கு மேல் ஒரு கிராம்கூட ஏறக்கூடாது. நானாக இருந்தால் பத்து, இருபது கிராம் குறைவாகவே நிறுத்துவேன். ஏறிவிட்டது என்றால், திறந்தவெளியில், நெருப்பே இல்லாத இடத்தில் உடனே வெளியேற்ற வேண்டும், நாளைக்கு என்று வைக்கக்கூடாது.

நிரப்பும் இடமும் முக்கியம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, பியூட்டேன் இரண்டு மடங்கு கனம். அறைக்குள் கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் இரண்டு சதவீதத்தை எட்டினாலே தீப்பற்றப் போதும். அதனால் வெளியில், காற்றோட்டத்தில் மட்டும்தான். முடிந்ததும் வால்வில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். ஒருநாள் விட்டு மறுபடி எடை போடுங்கள். எடை குறைந்திருந்தால் அந்தக் கேனின் ஆயுள் முடிந்தது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கேனை நிமிர்த்தி எரிக்கும்போது புரொப்பேன்தான் வேகமாகத் தீர்கிறது. ஆக மிச்சம் மீதியெல்லாம் சேர்த்து நிரப்பிய கேனில் பியூட்டேன்தான் அதிகம் இருக்கும். பியூட்டேன் கொதிப்பது மைனஸ் அரை டிகிரியில், அதன் இன்னொரு வகையான ஐசோபியூட்டேன் மைனஸ் 12க்கு அருகில், புரொப்பேன் மைனஸ் 42ல். உறையும் அதிகாலையில் நீங்கள் கொடுத்த கேன் எரியாது. அப்போது குளிரில் நடுங்குகிற ஒருவர் அதைத் தீப்பக்கம் கொண்டுபோவார். நான் பார்த்திருக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் கேனை நிற்கவைத்தால் போதும் என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். காற்றுக்காக அடுப்பையும் கேனையும் சேர்த்துத் தகடால் சுற்றி அடைப்பது, இரண்டு அடுப்பின்மேல் ஒரே பெரிய பாத்திரத்தை ஏற்றுவது, இரண்டும் கேனைச் சுடவைக்கும் வேலைகள்தான். கூடாரத்துக்குள் சமைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடைத்த இடத்தில் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

எனக்கு அதிகம் உறுத்துவது, எங்களுக்குச் சொல்லாமல் கொடுத்தீர்களே என்பதுதான். நிரப்பிய கேனை உங்கள் பையில் வைத்துக்கொண்டால் அது உங்கள் துணிச்சல். முதல்முறை மலைக்கு வரும் ஒரு பெண் அதைத் தன் கூடாரத்தில் வைத்துத் தூங்கும்போது அவளுக்கு அப்படி எந்தத் தேர்வும் இல்லை. ஆகவே நீங்கள் நிரப்பிய எதையும் குழுவினருக்குக் கொடுக்காதீர்கள். மிச்சம் வைத்த கேன்களை வீட்டில் தேநீர் போடவோ, புது அடுப்பைச் சோதிக்கவோ எரித்துத் தீர்க்கலாமே. அதற்கு அடாப்டரே தேவையில்லை.

அடுத்த பயணத்துக்கு என் தராசைக் கொண்டுவருகிறேன். கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை எல்லாக் கேன்களையும் எடை போட அரைமணி நேரம் ஒதுக்குங்கள். எழுதும் மையும் நானே எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உங்களோடு நடப்பவன்