மாமாவுக்கு: நம்ம கல் ஏன் மூழ்கவில்லை

அன்புள்ள மாமா,

இத்தனை கனமான நிலத்தை எது நகர்த்துகிறது என்று கேட்டீர்களே, கனம்தான் நகர்த்துகிறது, ஆனால் நிலத்தின் கனமல்ல, கடல்தரையின் கனம்.

அடியில் நெருப்புக் குழம்பு ஓடுகிறது, அதில் நிலம் மிதக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நிலத்தையும் கடல்தரையையும் சுமக்கும் பெரிய பாறைப் பலகைகளைத் தட்டுகள் என்பார்கள்; அவற்றுக்குக் கீழே இருப்பதும் பாறைதான். மேன்டில் என்பார்கள். கெட்டிதான், ஆனால் அந்தச் சூட்டில் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் இளகி நகரும்.

இன்ஜின் இருப்பது கடலடியில். நடுக்கடல் மலைத்தொடர்களில் சூடான பாறை மேலேறி, உருகி, புதுத் தரையாகிறது. அங்கிருந்து விலக விலக ஆறுகிறது. ஆற ஆற அடியில் தடித்து, பல கோடி ஆண்டுகளில் கீழிருக்கும் மேன்டிலைவிடக் கனத்துவிடும். அப்புறம் ஓர் ஆழப் பள்ளத்தில் மடங்கி உள்ளே இறங்கும். கொடியில் போட்ட ஈரப் புடவை ஒரு பக்கம் கனத்தால் மொத்தமாகச் சரியும் இல்லையா, அப்படி இறங்கும் விளிம்பு பின்னாலிருக்கும் தட்டையே இழுக்கிறது. மலைத்தொடரின் உயரத்திலிருந்து வரும் தள்ளுதலும் உண்டு. பெரும்பங்கு இழுவைக்குத்தான்.

இந்தியா வந்ததும் இப்படித்தான். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது. வடக்கே அன்றிருந்த டெதிஸ் என்ற கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இழுப்பில் ஒரு கட்டத்தில் வருடத்துக்கு 15 சென்டிமீட்டர் வரை ஓடிவந்திருக்கிறோம். ஒரு கண்டத்துக்கு அது அசாத்திய வேகம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் தீர்ந்துபோய், நிலமும் நிலமும் மோதின.

நம்ம குவாரிக் கல்லின் குணம் அங்கேதான் தெரிகிறது. உங்களுக்குத் தெரியாததா, ஒரு கன மீட்டர் கல் 2.7 டன் நிற்கும். மேன்டில் பாறை 3.3 டன். கண்டமும் பெரும்பாலும் இந்த மாதிரிக் கல்தான். இந்த வித்தியாசம் போதும், அது லேசில் உள்ளே போகாது. போக முடியாமல் மடிந்து எழுந்ததுதான் இமயமலை.

கடல்தரையில் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பாறை கிடைப்பதே அரிது, மற்றதெல்லாம் உள்ளே போயாகிவிட்டது. பர்கூர் குவாரியில் அறுத்த முகத்தில் தண்ணீர் ஊற்றிக் காட்டுவீர்களே, ரோஸும் கறுப்பும் வரிவரியாக நெளியுமே, அந்தக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி. ஆழத்தில் வெந்து, பாதி உருகி, பிசைபட்ட தடம்தான் அந்த நெளிவு. எடை குறைந்த கல் என்பதால் இத்தனை காலம் தப்பிக் கிடக்கிறது. எனக்கு இதை நினைக்க நினைக்க ஆச்சரியம் தீரவில்லை.

இன்றும் வடகிழக்காக வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் போகிறோம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலுள்ள ஜிபிஎஸ் நிலையத்தின் அளவுகளில் இது பதிவாகிறது. நமக்குத் தெரியாததற்குக் காரணம், வீடு, குவாரி, கிருஷ்ணகிரி அணை எல்லாம் சேர்ந்தே போகின்றன. விளிம்பில் இருப்பவர்களுக்குத்தான் பாடு. சுமத்ரா பக்கம் நம் தட்டு இறங்கும் விளிம்பு 2004 டிசம்பர் 26 அன்று சட்டென்று விடுபட்டதில்தான் நாகப்பட்டினம் வரை சுனாமி வந்தது.

ஒரு உதவி, மாமா. நெளிவு நன்றாகத் தெரியும் துண்டு ஒன்றை, கழிவில் போட்டதே போதும், ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் போட்டு எடுத்துவையுங்கள். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்